கடல் பக்க யன்னல்
(பெண்களுக்கான பயணக் கேள்வி–பதில்)

எனக்கு 36 வயது. கந்தோர், கோயில், சந்தை தவிர எங்கேயும் தனியாகப் போனதில்லை. உலகம் சுற்ற ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து. கிழமை நாளொன்றில் லீவு போட்டுவிட்டு, காலையில் காலிக்கு இரண்டாம் வகுப்பு டிக்கெட் எடுங்கள். கந்தோர்க்காரர் எல்லோரும் கொழும்புக்குள் வரும் நேரம் நீங்கள் வெளியே போவதால் இருக்க இடம் கிடைக்கும். வலப்பக்க யன்னலைப் பிடியுங்கள். வெள்ளவத்தை தாண்டியும் கடல் உங்களோடு ஓடிவரும். காலியில் இறங்கினால் கோட்டை நடை தூரம். மதிலில் ஒரு சுற்று நடந்து, பசித்ததைச் சாப்பிட்டு, பொழுதுபட வீடு திரும்புங்கள்.

அதே காலியில் 1911-ல் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார்கள். சீனக் கடலோடி செங் ஹே நிறுவியது. அதிலுள்ள ஆண்டு 1409. சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் பார்க்கலாம். 600 வருடத்துக்கு முன்னரே கடல் கடந்து வந்தவர்களுக்குத் தேவைப்பட்ட மொழி உங்கள் தாய்மொழி. நீங்கள் ஒரு ரயிலுக்குத் தயங்கலாமா?

கடவுச்சீட்டு எடுக்கக் கணவரின் கையெழுத்து வேண்டுமாமே?
– வாசகி, வெள்ளவத்தை

வேண்டாம். வயது வந்த பெண்ணின் விண்ணப்பத்துக்கு அவளுடைய கையெழுத்தே போதும். கையெழுத்தை விட எழுத்தைக் கவனியுங்கள். எங்கள் பெயர்கள் ஆங்கிலத்துக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழில் ஓர் ‘எச்’ கூடும், அடையாள அட்டையில் ஓர் ‘ஏ’ குறையும். பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்குப் புறப்படுமுன் எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு கடவுச்சீட்டில் உள்ளது உள்ளபடியே விமானச் சீட்டிலும் இருக்கவேண்டும். காலாவதிக்கு ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல நாடுகள் அதைக் கேட்கும்.

“பொம்பிளை தனியப் போனா ஊர் என்ன சொல்லும்?” என்கிறார் மாமி. என்ன பதில் சொல்ல?
– புது மருமகள், வெள்ளவத்தை

கதிர்காமப் பாதயாத்திரையை மாமிக்கு ஞாபகப்படுத்துங்கள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கரையோரமாக வந்து, உகந்தையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, யானையும் கரடியும் திரியும் காட்டுக்குள் இறங்குகிறார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் நடை. அந்த வரிசையில் எத்தனை பெண்கள், எத்தனை நரைத்த தலைகள்!

“அவையள் கூட்டமாய் எல்லோ போகினம்” என்பார். சரி, மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன எங்கள் பெண்கள்? மொழி தெரியாத விமான நிலையத்தில் தன்னந்தனியே இறங்கினார்கள். அவர்கள் அனுப்பிய காசில் எத்தனை கல்வீடுகள் எழும்பின!

கடவுளுக்காகப் போனால் கும்பிடுகிறோம். குடும்பத்துக்காகப் போனால் வழியனுப்புகிறோம். தனக்காகப் போகும்போது மட்டும் ஊருக்கு வாய் முளைக்கிறது. இதற்காக மாமியோடு வாதாட வேண்டாம். முதல் பயணத்துக்கு அவரையும் கூட்டிப்போங்கள். அடுத்த பயணத்துக்கு அவரே நாள் பார்ப்பார்.

பஸ்ஸில் உரசும் கைகளுக்குப் பயந்தே பயணத்தை வெறுத்துவிட்டேன். நான் கோழையா?
– மாணவி, கொட்டாஞ்சேனை

இல்லை, தங்கச்சி. ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இலங்கையின் பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். பொலிஸ் உதவியை நாடியவர்களோ 4 வீதம். ஆகவே, பிழை உங்கள் உடுப்பிலும் இல்லை, நீங்கள் நின்ற இடத்திலும் இல்லை.

தண்டனைச் சட்டக்கோவையின் 345-ஆம் பிரிவு இதற்கு ஐந்து வருடம் வரை சிறை வைத்திருக்கிறது. குரலை உயர்த்திச் சொல்லுங்கள், “கையை எடு” என்று. எல்லோரும் திரும்பிப் பார்க்கட்டும், கூசவேண்டியது அவன். பொலிஸ் 119, பெண்கள் உதவி இலக்கம் 1938, இரண்டையும் போனில் இப்போதே பதிந்துவையுங்கள். பக்கத்தில் ஒரு பிள்ளை நெளிவதைக் கண்டால், “இங்க வா, என்னோட நில்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவளைப் பத்திரமாக வீடு சேர்க்கும்.

முதல் வெளிநாடு எது?
– வங்கி ஊழியை, வெள்ளவத்தை

சிங்கப்பூர். நாலு மணி நேரப் பறப்பு. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை; வருகை அட்டையைப் புறப்படுமுன் இணையத்தில் நிரப்பவேண்டும். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்குமுன் ஒருமுறை பாருங்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழி, எச்சரிக்கைப் பலகையிலும் இருக்கிறது. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, தேக்கா சந்தையில் சாப்பிட்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதி, தனியே ரயில் ஏறி இறங்கும்போது போகும்.

மகளுக்குக் காட்ட எங்கள் நாட்டுப் பெண் ஒருவரைச் சொல்லுங்கள்.
– தாய், கொட்டாஞ்சேனை

ஜயந்தி குரு உதும்பால. 2016 மே 21-ல் எவரெஸ்ட் உச்சியில் நின்றவர். அங்கே ஏறிய முதல் இலங்கைப் பெண் என்று மட்டும் மகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஆணையும் சேர்த்து எண்ணினாலும் முதல் இலங்கையர் அவர்தான்.

மகளின் பிள்ளைப்பேறுகளுக்காக மூன்று தரம் ரொறன்ரோ போனேன். நயாகராவைக் கண்டதில்லை. இனி 68 வயதில் என்ன பயணம்?
– அம்மம்மா, வெள்ளவத்தை

அம்மா, மூன்று தரமும் உங்கள் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்: வறுத்த மிளகாய்த்தூள், சரக்குத்தூள், ஒடியல் மா. உங்கள் உடுப்பு மூலையில் மடிந்து கிடந்திருக்கும். பனிக்குள் நடந்து மருந்து வாங்கினீர்கள், பத்தியம் சமைத்தீர்கள், இரவெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டு உலாத்தினீர்கள். நயாகராவோ காரில் ஒன்றரை மணி நேரத் தூரம்தான்.

நாலாம் தரம் போவதற்குப் பேரப்பிள்ளை பிறக்கவேண்டும் என்றில்லை. மகளிடம் சொல்லுங்கள்: “இந்த முறை நான் உதவிக்கு வரேல்லை, பார்க்க வாறன்.” பெட்டியில் உங்கள் நல்ல சேலை மேலே இருக்கட்டும். அருவியின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், இடுப்பில் பிள்ளை இல்லாமல்.