மெடிக்கல் அண்ணன்

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதாவதொரு மெடிக்கலில் இவரைப் பார்த்திருப்பீர்கள். சட்டைப் பையில் பேனா, கையில் கத்தரிக்கோல். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய பார்மசிஸ்ட் சான்றிதழ் யாருடையது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஊருக்கே இவர் ‘அண்ணா’.

புதூர்நாடு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஓர் அம்மா வருவார்.

“அண்ணா, எங்க ஊட்டுக்காரருக்குக் காச்சலு. ரெண்டு வேளைக்குக் குடுங்க.”

“இருமல் இருக்குதாம்மா?”

“லேசா.”

“சாப்பிடறாரா?”

“எங்க, சுருண்டு கெடக்குறாரு.”

பரிசோதனை முடிந்தது. நோயாளி ஜவ்வாது மலைமேல் படுத்திருக்கிறார்; அண்ணன் நாடி பார்த்தது கீழே, அவர் மனைவியின் முகத்தில். ஒரு பாராசிட்டமால், ஒரு செட்ரிசின், ஒரு கேஸ் மாத்திரை, ‘சேஃப்டிக்கு’ ஓர் ஆன்டிபயாடிக். கத்தரிக்கோல் பாயும். மருந்தின் பெயர் ஒரு துண்டோடும் எக்ஸ்பயரி தேதி இன்னொரு துண்டோடும் போய்விடும். பிறகென்ன, நிறம்தான் பெயர்: “மஞ்சள் சாப்பிட்டப்புறம், வெள்ளை வெறும் வயித்துல.”

கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில் 2023 ஜனவரி 1 முதல் 13 சில்லறை வியாதிகளுக்கு மருந்தாளுநரே மருந்து எழுதலாம் என்று அனுமதித்தார்கள். இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் 7 வியாதிகளுக்கு. அண்ணன் கேட்டால் சிரிப்பார். அவர் வியாதிகளை எண்ணியதே இல்லை. நம் சட்டமும் சும்மா இல்லை. செஃபிக்ஸிம் போன்ற ‘எச்1’ பட்டியல் மருந்துகளை விற்றால் டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் நோட்டில் ஏற்றி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்; 2014 மார்ச்சிலிருந்து இதுதான் விதி. அந்த நோட்டில் எந்த டாக்டரை எழுதுவது என்பது ஒன்றே அண்ணனைத் திணறடிக்கும் மருத்துவக் கேள்வி.

ஆனால் ஒன்று. “நெஞ்சு அடைக்குது, கேஸ் மாத்திரை குடுங்கண்ணா” என்று ஒருவர் வியர்த்துப்போய் வந்து நின்றால் கத்தரிக்கோல் கீழே போய்விடும். “மாத்திரையெல்லாம் கெடையாது. மொதல்ல ஜி.எச். போ.” ஆட்டோவையும் அவரே கூப்பிடுவார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவரை மன்னிக்கலாம். ஃபீஸ் இல்லை, டோக்கன் இல்லை, கடைசி பஸ்ஸும் தவறாது.

மன்னிக்க முடியாதது அந்த ‘சேஃப்டி’ ஆன்டிபயாடிக்தான். சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. இது அண்ணனுக்கும் தெரியும். கொடுக்காவிட்டால் ‘பவர் இல்லாத மாத்திரை’ என்று நீங்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவீர்கள் என்பதும் தெரியும். அடுத்த தடவை அதை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். மறக்காமல், மாத்திரை செட்டுக்கு உண்டான முழுக் காசையும் கொடுத்துவிடுங்கள்.