லாட விளக்கியல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

காரின் முகப்பில், ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில், மஞ்சளாக எரியும் விளக்கு ஒன்று உண்டு. வாய் மேல்நோக்கிய குதிரைலாடம் போன்ற வடிவம். நடுவில் ஒரு வியப்புக்குறி. இதனைக் குடம் என்பாரும், வெந்நீர் அண்டா என்பாரும் உளர். என் மாமியார் பணியாரக் குழி என்று கொண்டார். அவை பொருந்தா. டயரைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் தெரியும் தோற்றமே அது. அடியில் உள்ள பல்வரிசை டயர் தரையைத் தொடுமிடம். ஆயினும் வழக்கு வலிது ஆதலின், இக்கட்டுரை இதனை லாட விளக்கு என்றே வழங்கும்.

லாட விளக்கு எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. இஃது எல்லாரும் அறிந்தது. காற்று குறையாதபோதும் அது எரிவது ஏன் என்பதே ஆய்வுச் சிக்கல். என் வண்டியில் இவ்விளக்கு சென்ற மார்கழியில் தொடங்கி ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விடாது எரிந்தது. அந்த நாட்களில் மாலை போட்டிருந்தால் மலையேறித் திரும்பியிருக்கலாம். நான் ஆராய்ச்சியில் இறங்கினேன்.

முதலில் விளக்கின் குலவரலாறு. டயரின் காற்றைத் தானே கண்காணிக்கும் ஏற்பாட்டுடன் வந்த முதல் பயணிகள் கார் 1986இன் போர்ஷே 959. அது பணக்காரர் வீட்டுப் பிள்ளை. நம் தெருவுக்கு வரவில்லை. விளக்கைத் தெருவுக்குக் கொண்டுவந்தது ஒரு துயரம். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்திலேயே பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. பலர் இறந்தார்கள். அதே ஆண்டு அந்நாட்டுப் பாராளுமன்றம் ட்ரெட் சட்டத்தை இயற்றியது. 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்கும் புதுக் கார் எல்லாவற்றிலும் லாட விளக்கு கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல். அமெரிக்க விதியின்படி, பரிந்துரைத்த அளவிலிருந்து 25 விழுக்காடு குறைந்தால், 20 நிமிடத்துக்குள் விளக்கு எரிந்தாக வேண்டும். 33 வைக்க வேண்டிய டயரில் ஏறக்குறைய 25க்கு இறங்கினால் எரியும் என்க. அந்த விதியில் இன்னொரு பிரிவும் உண்டு. அதை நான் படித்தேன். படித்துவிட்டுத் தாண்டிப் போனேன். பின்னர் அதற்கு வருவோம்.

இனி அளவையியல். இல்லாத இடத்திலிருந்து இருப்பதை அறிவது எப்படி என்பதை மணிமேகலையின் 27ஆம் காதை பேசுகிறது. வஞ்சி நகரில் அளவைவாதி அவளுக்குச் சொல்லும் வழிகளில் இரண்டு நமக்குப் பயன்படும். காட்டில் பிளிறல் கேட்டு அங்கே யானை உண்டு என அறிதல் ஒன்று. ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்தது என அறிதல் மற்றொன்று. லாட விளக்கிலும் இவ்விரு மரபே. ஒரு சாதி வண்டியில் ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும் வால்வோடு ஒட்டி ஒரு சென்சார் அமர்ந்து, காற்றை அளந்து, வானொலி அலையில் கூவிக்கொண்டே இருக்கும். இது பிளிறல் மரபு. மற்றச் சாதியில் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த சக்கரம் சற்றுச் சிறுத்துவிடும். சிறுத்த சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுழல வேண்டும். பிரேக்குக்காக ஏற்கெனவே உள்ள ஏபிஎஸ் கருவி அதை எண்ணிக் கண்டுபிடிக்கும். இது வெள்ள மரபு.

வெள்ள மரபில் பொய்க்கு இடம் நிறைய. மழை பெய்யாமலே மேட்டூரைத் திறந்தாலும் வெள்ளம் வருமன்றோ? தேய்ந்த டயர் மூன்று, புது டயர் ஒன்று என்று மாட்டினால், தேய்மானத்தில் ஐந்து மில்லிமீட்டர் வேறுபாடு போதும், சுழற்சி மாறிவிடும். காற்று பிடித்தபின் வண்டிக்கு 'இதுதான் இனி உன் அளவு' என்று பொத்தானை அழுத்திச் சொல்லாவிட்டாலும் அது பழைய கணக்கிலேயே அழும். இதன் எதிர்மறை இன்னும் சுவையானது: நான்கு டயரும் பேசிவைத்தாற்போல் ஒரே அளவில் இளைத்தால், பழைய வகைக் கருவிகளுக்கு ஒன்றுமே தெரியாது. கையேட்டைப் பிரித்துப் பார்த்ததில் (நான்கு ஆண்டாக அது பிளாஸ்டிக் உறையோடு இருந்தது) என் வண்டி பிளிறல் மரபைச் சேர்ந்தது என்று தெரிந்தது. எந்தச் சக்கரம் என்று காட்டாது, ஒரே விளக்குதான்.

மணிமேகலை சமயக்கணக்கரை ஒவ்வொருவராகச் சென்று கேட்டாள். நான் கோவை மேட்டுப்பாளையம் சாலையில் கேட்டேன்.

முதலில் நைட்ரஜன்வாதி. டயர்க் கடையில் குளிர்சாதன அறையில் அமர்ந்திருந்தார். "சாதாக் காத்து நிலையில்லாதது சார். நைட்ரஜன் போட்டுட்டா லைட் எரியாது" என்றார். சாதாக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தானே என்று தடை எழுப்பினேன். மீதி 22தான் பிரச்சினை என்று விடை கூறினார். வாதத்தில் அவரே வென்றார். பச்சை மூடி நான்கும் மாட்டிக்கொண்டு வந்தேன். விளக்கு எரிந்தது.

அடுத்து பேட்டரிவாதி. சென்சாருக்குள் ஒரு சிறு லித்தியம் பேட்டரி இருக்கிறது, அதை மட்டும் மாற்ற முடியாது, முழுதும் சீல் வைத்தது, ஐந்திலிருந்து பத்தாண்டில் உயிர்விடும் என்றார். இவையெல்லாம் உண்மை. ஆகவே நான்கையும் மாற்றிவிடலாம் என்றார். என் வண்டிக்கு நான்கு வயது என்றதும், "அப்ப வரப்போறதுக்கு இப்பவே பண்ணிடலாம்" என்றார். கருமேகம் கண்டு மழை வரும் என அறிதலும் அந்தக் காதையில் உண்டு என்பது நினைவுக்கு வந்தது.

வானொலிவாதி என் பக்கத்து வீட்டார். தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர். சென்சார்கள் பல 433 மெகாஹெர்ட்ஸில் பேசும்; கேட் திறக்கும் ரிமோட்டுகளும் அங்கேதான் பேசும்; இரண்டும் மோதும் என்பது அவர் கட்சி. கூடவே ஒரு செய்தியும் சொன்னார். 2010இல் ரட்கர்ஸ், தெற்குக் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓடும் காரின் சென்சார் பேச்சை 40 மீட்டர் தள்ளி நின்று ஒட்டுக்கேட்டதோடு, பொய்ச் சமிக்ஞை அனுப்பி விளக்கையும் எரியவைத்தார்களாம். பிற்பாடு தேடிப் பார்த்தேன், நடந்ததுதான். ஆனால் என் டயரைப் பற்றிப் பொய் சொல்ல எவருக்கு என்ன லாபம்? அவர் எதிர்வீட்டைப் பார்த்தார். எதிர்வீட்டாருக்கும் எங்களுக்கும் மாமரத்து இலை பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. அதற்கு இக்கட்டுரையில் இடமில்லை.

நான்காமவர் உதைவாதி. பஞ்சர் கடைக்காரர். குதிகாலால் நான்கு டயரையும் ஒருமுறை உதைத்து, ஓசையைச் செவிமடுத்து, "நாலும் நல்லாருக்குங்ணா. லைட்டையெல்லாம் பாத்துட்டு வண்டி ஓட்ட முடியுமா?" என்றார். பின் காற்றுக்குழாயை மாட்டினார். 33. ஒன்றைச் சொல்ல வேண்டும்: அன்றே மூன்று பெட்ரோல் பங்க்குகளில் இதே டயர் 31, 33, 34 என மூன்று எண் காட்டியது. காலோசை ஒன்றுதான் ஒரே கருத்தாக இருந்தது.

எஞ்சியது வெப்பவாதம். அதன் ஆசிரியன் நான். ஐந்தரை டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் டயரில் சுமார் ஒரு பிஎஸ்ஐ இறங்கும் என்பது நிலைபெற்ற கணக்கு. மார்கழிக் குளிரே காரணம் என்று கொண்டேன். அதை மெய்ப்பிக்க மேலும் குளிர் வேண்டும். குடும்பத்தோடு உதகைக்குக் கிளம்பினேன். மேட்டுப்பாளையத்தில் உச்சிவெயிலில் கைக்கருவியில் 33. மாலையில் உதகையில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குந்தி அளந்தேன். அங்கும் 33! இருபது டிகிரிக்கு மேல் குளிர்ந்தும் ஒன்றும் குறையவில்லையே என்று இரவெல்லாம் உறக்கமில்லை. விடிந்ததும் விளங்கிற்று. குளிர் மூன்றரை பிஎஸ்ஐ அளவுக்குப் பிடுங்கியது உண்மை. ஆனால் கைக்கருவி அளப்பது உள்ளழுத்தத்தை அன்று, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. உதகை 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றே மூன்று பிஎஸ்ஐ போல மெலிந்திருக்கிறது. குளிர் எடுத்ததை மலை ஏறக்குறைய அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டது. இதைக் கண்டறிந்த பூரிப்பில், விளக்கு மலையேறுமுன்னும் ஏறியபின்னும் இறங்கியபின்னும் ஒரே மாதிரி எரிந்துகொண்டிருந்தது என்ற சிறு விவரத்தை நான் பொருட்படுத்தவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள். காலையில் வண்டியைக் கிளப்பிவிட்டு இறங்கி, கேட்டின் பூட்டைத் திறந்து, வாசலில் படுத்திருக்கும் நாயை எழுப்பி, இரு கதவையும் விரித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்றாடம் இதற்கு ஒன்றரை நிமிடம் பிடிக்கும். மாலையில் அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது அந்த ஒன்றரை நிமிடம் வீட்டுக்குப் போன் செய்வதில் போகும். முன்னிருக்கையில் ஆறாம் வகுப்பு மகள்.

"அது ஏம்ப்பா தினமும் உங்களப் பாத்து கண்ணடிக்குது?"

"எது?"

"இந்த அண்டா. நீங்க கேட்டத் தொறக்கப் போனதும் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க வந்ததும் நிப்பாட்டிடும்."

தாண்டிப் போன பிரிவு இதுதான். காற்று குறைந்தால் விளக்கு எடுத்ததுமே நிலையாக எரியும். கருவிக்கே கோளாறு என்றால், வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் 60 முதல் 90 வினாடி சிமிட்டிவிட்டு, பிறகு நிலையாக எரியும். முதலாவதற்குப் பொருள், யானை இளைத்திருக்கிறது. இரண்டாவதற்கு, யானைகளில் ஒன்றின் குரலே கேட்கவில்லை. அந்த முதல் நிமிடத்தைப் பார்க்காதவனுக்கு இரண்டும் ஒன்றே.

குரல் கேட்காத யானை எங்கே? நான்கு சக்கரத்தின் வீல் கேப்பையும் கழற்றினேன். பின் இடப்பக்கத்து இரும்புச் சக்கரம் மட்டும் கடையில் வாங்கிய அன்று போலத் துருவின்றிப் பளபளத்தது. டிக்கியைத் திறந்தேன்.

இங்கே ஒரு சொல்லாய்வு தேவை. நாம் ஸ்டெப்னி என்கிறோம். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில், மாற்றுச் சக்கரமே இல்லாமல் கார்கள் ஓடிய காலத்தில், 1904 வாக்கில் டேவிஸ் சகோதரர்கள் செய்து விற்ற பொருளின் பெயர் அது. ஆங்கிலம் அச்சொல்லை மறந்தும் நாம் காப்பாற்றி வருகிறோம். தமிழில் அது பெற்ற பிற பொருள்களை, குடும்பத்தினர் படிக்கக்கூடும் ஆதலின், விடுத்தேன். காற்று கண்காணிப்புக் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள சிறு வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் இந்தியாவில் விதி வந்தது. அவ்விதிப்படி என் வண்டியில் ஸ்டெப்னி இல்லாதிருந்தால் இவ்வாய்வே நிகழ்ந்திராது. ஏனெனில் ஸ்டெப்னிக்குப் பெரும்பாலும் சென்சார் வைப்பதில்லை.

டிக்கியில் விரிப்பைத் தூக்கினேன். மண் அப்பிய பழைய சக்கரம். பக்கவாட்டில் இரண்டங்குல ஆணி. மேலே ஒரு பொட்டலம். பிரித்தேன். பன்னீர் இலையில் மடித்த திருச்செந்தூர் விபூதி.

மார்கழி முதல் வாரத்தில் வண்டியை வாங்கிக்கொண்டு போனவன் மச்சினன். போன் போட்டேன்.

"ஆமாங் மாமா, எட்டயபுரம் தாண்டி பஞ்சர் ஆச்சுங். நானே ஸ்டெப்னி மாத்தி, வீல் கேப்பக்கூட மறக்காம மாட்டிட்டனே. அக்காகிட்டச் சொன்னனுங்களே?"

சுழலாத சக்கரத்தில் சென்சார் பேட்டரியை மிச்சம்பிடித்து உறங்கிவிடும் என்பதைக் கையேடு 212ஆம் பக்கத்தில் சொல்கிறது. யானை 48 நாளும் டிக்கியில் தூங்கியிருக்கிறது. சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டேன், உன் தம்பி உன்னிடம் சொன்னானா என்று.

"சொன்னான். உங்ககிட்டச் சொல்ல வந்தேன். நீங்க ஊட்டிக்கு ஸ்வெட்டர் எங்கேன்னு கேட்டுட்டு இருந்தீங்க."