ஜிம் தம்பி

ப்ளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுவாரமே ஊருக்கு ஊர் முளைத்துவிடும் ஓர் இனம், ஜிம் தம்பி. வயது பதினேழரை. எடை 52 கிலோ. கைக்காப்பும் செல்போனும் அதில் சேர்த்தி. 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. தம்பிக்கு அத்தனை பொறுமை கிடையாது. உடம்புக்கு அவன் கொடுக்கும் கெடு ஒரு மாதம், கல்லூரி திறப்பதற்குள்.

முன்பெல்லாம் தேகப்பயிற்சிசாலை என்றால் ஆஞ்சநேயர் படம், கர்லாக்கட்டை, நூறு தண்டால். 2008-இல் ‘வாரணம் ஆயிரம்’ வந்து சூர்யா சட்டையைக் கழற்றிய பிறகு ‘சிக்ஸ் பேக்’ டீக்கடைப் பேச்சாயிற்று. தம்பி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தவன். ஆனாலும் அந்த வயிறு தனக்கு வரவேண்டிய பூர்வீகச் சொத்து என்றே நம்புகிறான்.

வீட்டிலிருந்து ஜிம் நானூறு மீட்டர். பைக்கில்தான் போவான், போய் ட்ரெட்மில்லில் நடப்பான். 17 வயது வரையுள்ளவர்கள் தினம் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்பது பரிந்துரை. தம்பியும் 60 நிமிடம் உள்ளேதான் இருக்கிறான், பாதி நேரம் கண்ணாடி முன்னால். நெஞ்சுக்கும் கைக்கும்தான் பயிற்சி. காலைப் பேண்ட் பார்த்துக்கொள்ளும்.

“மாஸ்டர், எத்தனை நாள்ல ஆர்ம்ஸ் வரும்?”

“மொதல்ல நீ தெனம் வா தம்பி.”

தம்பியின் முழு மேதைமையும் வெளிப்படும் இடம் சாப்பாட்டுத் தட்டு. இட்லியைத் தொடமாட்டான், அது ‘கார்ப்ஸ்’. தொட்டுக்கொள்ள வைத்த சாம்பாரும் அதோடு சேர்ந்து தீட்டுப்பட்டுவிடும். அவித்த முட்டை ஆறு வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து, மஞ்சள் கருவை ஸ்பூன் நுனியால் தோண்டித் தங்கையின் தட்டில் உருட்டிவிடுவான். அப்பத்தா பார்த்துக்கொண்டே இருப்பாள்: “பழத்தை வீசிட்டுத் தோலைத் திங்கிறவனை இப்பத்தான் பாக்குறேன்.” கிழவியின் கணக்கு அவ்வளவு தப்பில்லை. ஒரு முட்டையிலுள்ள சுமார் 6 கிராம் புரதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு மஞ்சளில்தான் இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, இரும்புச்சத்து எல்லாம் இருப்பதும் அங்கேதான். ஆக, அந்த வீட்டில் புஷ்டியாகிக்கொண்டிருப்பது தங்கை.

அடுத்தது பவுடர் டப்பா. 16 முதல் 18 வயது வரையான பையனுக்கு நாளொன்றுக்கு 55 கிராம் புரதம் போதும் என்கிறது ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். உடம்பு ஏற்றப் புரதப் பவுடர் வேண்டாம் என்று 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அது சொல்லியும் இருக்கிறது. பருப்பு, பால், முட்டை, சாயங்காலச் சுண்டல் என்று அடுப்படியிலேயே அந்தக் கணக்கு நேராகிவிடும். ஆனால் சுண்டலின் மேல் புஜம் புடைத்த வெள்ளைக்காரன் படம் இல்லையே! அப்பாவிடம் மூவாயிரம் ரூபாய் பெயரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ‘சீட் டே’. ஜிம்முக்கு எதிர்க்கடையில் நாலு பரோட்டா, சால்னா தனியாக.

தூக்கத்தில் மட்டும் தம்பிக்குக் கொஞ்சம் சலுகை தரலாம். இந்த வயதில் தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகத்தான் தொடங்குகிறது. பத்து மணிக்குக் கண் சொக்காதது அவன் குற்றமல்ல. 8 முதல் 10 மணி நேரம் தூங்கினால்தான் தசை தேறும் என்பதும் அவனுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லும் ரீல்ஸை இரவு ஒன்றரை மணிக்கு நண்பர்கள் பதினோரு பேருக்கு அனுப்பி வைப்பவனே அவன்தான்.

ஆனி பிறந்து கல்லூரி திறந்ததும் இந்த இனம் கண்ணில் படுவது குறைந்துவிடும். மூன்று மாதத்துக்குக் கட்டிய பணத்தில் இரண்டு மாதம் ஜிம்மிலேயே தங்கிவிடும். ஷேக்கர் பாட்டிலில் அப்பா வயலுக்கு மோர் கொண்டுபோவார். கால்வாசி பவுடரோடு கட்டிதட்டிப்போன டப்பாவை அம்மா கழுவி வெயிலில் காயவைத்து, துவரம்பருப்பு கொட்டி வைப்பாள்.