கீறலியல்: ஒரு பேனாக்கத்தியை முன்வைத்து

கீறல் விழாத பேனாக்கத்தி உலகில் உண்டு. அது இன்னும் விற்காமல் கடையிலேயே இருக்கிறது. வாங்கி வந்த சில நாளிலேயே அலகில் முதல் கோடு தோன்றிவிடும். ‘யார் எடுத்தது?’ என்று வீட்டிலுள்ளவர்களை வரிசையாக நிறுத்தி விசாரிப்பதே இத்துறையில் இதுவரை நடந்துவந்த ஆய்வு. இம்முறையில் உண்மை வெளிவந்ததாகத் தெரியவில்லை.

ஆய்வுப் பொருளாக விக்டோரிநாக்ஸ் மடக்குக் கத்தியை எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884இல் பட்டறை தொடங்கிய காரல் எல்செனர், 1891இல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்தார். 1897இல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார். துப்பாக்கியைக் கழற்றவும் உணவு டப்பாவைத் திறக்கவும் பிறந்த கருவி, நம் வீடுகளில் கொரியர் பார்சல் பிரிக்கவும் மாங்காய் கீறவும் பணியாற்றுகிறது. பதவி இறக்கம் என்று சொல்ல மாட்டேன். மாங்காயும் எளிய எதிரி அல்ல.

கீறியது யார்? மரபாகச் சந்தேகிக்கப்படும் சாவியையும் சில்லறையையும் அலகு வழக்கிலிருந்து இக்கட்டுரை விடுவிக்கிறது. அலகு மடங்கி உள்ளே இருக்கையில் அவற்றுக்கு எட்டாது. எட்டினாலும் பித்தளைச் சாவி கடினமாக்கிய எஃகைக் கீறாது. தன் நிறத்தைக் கொஞ்சம் இழுவிவிட்டுப் போகும், அவ்வளவே. முதற் குற்றவாளி மணல். மோஸ் அளவுகோலில் மணலிலுள்ள குவார்ட்ஸின் கடினம் 7. கத்தி எஃகு அதற்குச் சற்றுக் கீழேதான். இரண்டாம் குற்றவாளி கத்தியின் உரிமையாளர். சாணைக்கல்லில் அலகை அளவுக்கு மீறிப் படுக்கவைத்துத் தேய்த்திருப்பார். விளிம்பை ஒட்டிக் கற்றையாக ஓடும் இணைகோடுகள் அவரைக் காட்டிக்கொடுக்கும்.

இனி மையக் கருதுகோள்: கீறலை எவராலும் நீக்க முடியாது. கீறல் ஒரு பள்ளம். அதைத் தூர்க்க வீட்டில் வழியில்லை என்பதால், சுற்றியுள்ள உலோகம் முழுவதையும் பள்ளத்தின் அடிவரை இறக்க வேண்டும். எப்படி? மேலும் கீறித்தான்! 400ஆம் எண் வாட்டர் பேப்பரின் துகள் சுமார் 35 மைக்ரான், 1000இல் 18, 2000இல் 10. தனியாக நின்று கண்ணை உறுத்திய கீறலுக்குப் பல்லாயிரம் பங்காளிகளைக் கூட்டிவந்து ஒரே திசையில் நிற்கவைத்தால், அது கூட்டத்தில் கரைந்துபோகும். இந்த ஏற்பாட்டுக்குச் சாட்டின் மெருகு என்று பெயர். கண்ணாடி மெருகு வேண்டுவோர் இன்னும் கீழே போகவேண்டும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமே ஏறக்குறைய 0.4 முதல் 0.7 மைக்ரான்தான், கீறல் அதைவிடச் சிறுத்தால் பார்வைக்குத் தப்பிவிடும். அப்படிப் பளபளக்கும் அலகில் அடுத்த கீறல் இரட்டிப்பாகத் தெரியும். ஆகவே இக்கட்டுரையாளர் சாட்டின் கட்சி.

செய்முறையில் சண்டைக்கு இடமில்லை. விளிம்பின் மேல் ஒட்டுநாடா ஒட்டி, தாளை ஒரு மரத்துண்டில் சுற்றி, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கோடுகள் போய்விட்டனவா என்று பார்த்ததுமே தெரியும். கடைசித் தாளுக்கு மட்டும் ஒரே திசை. கடைசியில் பிராஸ்ஸோ போட்டவர்கள் சோப்பால் கழுவிய பிறகே கொய்யாப்பழத்தின் பக்கம் போகலாம்.

மாற்றுக் கோட்பாடுகள் சில புழக்கத்தில் உள்ளன. புளி போட்டுத் தேய்க்கலாம் என்பது பாட்டிமார் மரபு. புளியின் அமிலம் பித்தளைக் குத்துவிளக்கின் கறுப்பைக் கரைக்கும். எஃகின் பள்ளத்தை என்ன செய்யும்? சாதாரண இரும்பு நார் போட்டால் அதன் துணுக்குகள் அலகில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். பழி சுவிட்சர்லாந்தின்மேல் விழும். கிரைண்டரில் வைப்பது வன்முறைக் கோட்பாடு. சூட்டில் அலகு நீலம் பூத்தால் அந்த இடத்தின் பதம் போயிற்று. சிவப்புக் கைப்பிடியை நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனால் துடைப்பது அறிவுடையோர் செயலன்று. அந்தப் பிளாஸ்டிக் பெரும்பாலும் செல்லுலோஸிலிருந்து செய்தது. அசிட்டோனில் அது கரையும்.

ஆலாக்ஸ் எனப்படும் அலுமினியக் கைப்பிடிதான் இத்துறையின் பெரும் சோகம். அதன் மேல்தோல் அனோடைசிங் முறையில் வளர்த்த அலுமினியம் ஆக்சைடு. தச்சர் உப்புத்தாள்கள் பலவற்றின் துகளும் அதே அலுமினியம் ஆக்சைடு. தேய்த்தால் கீறலோடு தோலும் போகும், வரிவரியான வேலைப்பாடும் போகும். மறுபடி வளர்க்க அமிலத் தொட்டியும் மின்சாரமும் வேண்டும். குளியலறை வாளியில் அதை முயல்வோரை ஆய்வு நெறிக்குழு அனுமதிக்காது. நெறிக்குழு என்பது இங்கே வீட்டுக்காரம்மா.

எனவே தீர்ப்பு: அலகைத் தேய்க்கலாம், ஆலாக்ஸைத் தொடக்கூடாது, பையின் அடியிலுள்ள மணலை உதறவேண்டும். மறுப்புரை உள்ளவர்கள் தத்தம் கத்தியோடு நேரில் வரலாம். மடக்கிய நிலையில் கொண்டுவருக.