குண்டு விழுந்த தூரம்

துறைமுகப் பட்டினங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். "பாண்டிச்சேரியில பெரிய தோட்டம் இருக்குல்ல?" என்றாள் மனைவி. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் ஒருமனதான முடிவு.

எனக்குச் சரித்திரத்தில் ஈடுபாடு அதிகம். கேட்கத்தான் ஆள் அகப்படுவதில்லை. ஓடுகிற காரிலிருந்து யாரும் எழுந்து போக முடியாது என்ற தைரியத்தில் ஈசிஆரில் வண்டியை விட்டேன். மாமல்லபுரம் தாண்டுவதற்குள் மாமியார் குறட்டை, பையன் காதில் இயர்போன்.

புதுச்சேரி தாவரவியல் பூங்கா 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் போட்டது. எந்தப் பயிர் இந்த மண்ணில் பிழைக்கும் என்று சோதிக்க ஏற்பட்ட இடம். என் மனைவியின் கொள்கையும் அதுவே. சோதனைக்களம் எங்கள் மொட்டைமாடி. தண்ணீர் தூக்க நான். அரசாங்கத் தோட்டத்தில் ஒரு இலையைத் தொடமாட்டாள், அவ்வளவு நேர்மை. ஆனால் டீக்கடை, லாட்ஜ் வாசல், முன்பின் தெரியாதவர் வீட்டு வேலி எல்லாம் அவளுக்குத் தாய்வீடு. "அக்கா, ஒரு கொப்பு ஒடிச்சுக்கட்டுமா?" என்று வாய் கேட்கும்போதே கை ஒடித்திருக்கும். நான் பர்ஸோடு நிற்கவேண்டிய இடம் நர்சரி மட்டும்தான். அங்கே நிறைய நேரம் நின்றேன்.

கடலூர் எல்லை செக்போஸ்டில் ஓரங்கட்டச் சொன்னார்கள். பாண்டியிலிருந்து வருகிற வண்டியில் என்ன தேடுவார்கள் என்று ஊருக்கே தெரியும். டிக்கியைத் திறந்ததும் போலீஸ்காரர் மூக்கில் குரோட்டன்ஸ் இலை குத்தியது.

"அடியில என்ன சார்?"

"மண்ணுங்க."

நம்பவில்லை. என் முகவெட்டு அப்படி. இட்லிப்பூச் செடியைத் தூக்கித் தட்டிப் பார்த்தார். "வேர் ஆடிடும் தம்பி, பாத்து" என்று மனைவி இறங்கி வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டு மல்லிகை ஏன் மொட்டு வைக்கவில்லை என்று இருவரும் ஆலோசித்துக்கொண்டிருக்க, நான் வெயிலில் செம்பருத்தியைப் பிடித்தபடி நின்றேன்.

கடலூர் முதுநகரில் துறைமுகத்தைக் காட்டினேன். மாமியார் நெத்திலிக் கருவாட்டைப் பார்த்தார், வாங்கினார். செடிப் பக்கம் வைக்கக்கூடாதாம், வாடை ஆகாதாம். டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்தார்கள்.

தேவனாம்பட்டினத்தில்தான் என் முறை வந்தது. 1690இல் இங்கிருந்த கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய ஆங்கிலேயர்கள், பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை நிலமும் தங்களுக்கே என்று பேசி முடித்தார்கள். சுடுகிறவன் சாமர்த்தியத்தைப் பொறுத்துப் பட்டா. சுற்றிலும் சுட்டார்கள், உள்ளே அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது.

மாமியார் விழித்துக்கொண்டார். "ஏன் மாப்ளே, பக்கத்து வீட்டுக்காரன் அரையடி உள்ள தள்ளிச் சுவர் எழுப்புனானே, நீங்க என்ன செஞ்சீங்க?"

"காபி குடுத்துப் பேசினார்ம்மா" என்றாள் மனைவி.

தரங்கம்பாடிக் கோட்டை 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டியது. கடற்காற்றில் குரலை உயர்த்தி, "1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்" என்றேன்.

முதன்முறையாக மாமியாரிடமிருந்து ஒரு சரித்திரக் கேள்வி வந்தது. "எவ்வளவுக்கு?"

"வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம்."

மனைவி மதிலோரத்து இடத்தைக் கண்ணாலேயே அளந்தாள். "கடல் பாத்த மனை. வாசல்ல நாகலிங்கம் வெச்சிருக்கலாம்."

"கைவிட்டுப் போயிடுச்சே மாப்ளே" என்றார் மாமியார்.

1845இல் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதுபோல் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.