லிங்க் வந்ததோ?

ஏப்ரலில் பனி உருகத் தொடங்கியதும் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ்ச்சனம் இரண்டு வேலை பார்க்கும். காரின் பனிக்கால ரயரைக் கழற்றும். சைக்கிள் அண்ணையின் நம்பர் விழுந்தால் போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்கும்.

தவறி எடுத்துவிட்டால், "எப்பிடிச் சுகம்?" என்பார். நல்ல சுகம் என்றால் மாட்டினீர்கள். சுகமாக இருக்கிறவர்தானே சுகமில்லாதவருக்குக் குடுக்கவேணும். கொஞ்சம் சுகமில்லை என்றாலும் தப்ப ஏலாது. அதுக்குத்தானே ஆராய்ச்சி நடக்குது. ஒரு பெருமூச்சு. பிறகு அந்தக் கேள்வி.

"லிங்க் வந்ததோ?"

வந்திருக்கும். விடிய 6 மணிக்கே வட்ஸ்அப்பில் வந்து கிடக்கும். மேலே நயாகரா நீர்வீழ்ச்சி, நடுவில் ஹெல்மெற்றோடு அண்ணை, கீழே கைகூப்பிய படம் மூன்று. நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டு நீலச் சரி போய்க் கோள் சொல்லியிருக்கும்.

விஷயம் நல்ல விஷயம். கரைச்சலே அதில்தான். 2008இல் ரொறன்ரோவில் தொடங்கிய 'ரைட் ரு கொங்கர் கான்சர்', பிரின்சஸ் மார்கரெற் புற்றுநோய் நிலையத்துக்குக் காசு சேர்க்கிற சைக்கிள் ஓட்டம். ஜூனில் ஒரு சனி ஞாயிறு, ரொறன்ரோவிலிருந்து நயாகராவுக்கு. காரில் போனால் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். பெருந்தெருவில் சைக்கிளை விடமாட்டார்கள் என்பதால் ஊருக்குள்ளாலும் தோட்டந்துரவுக்குள்ளாலும் சுற்றி 200ஐத் தாண்டும். ஓடுகிறவர் ஆகக் குறைந்தது 2,500 டொலர் சேர்க்கவேண்டும். கோயில் நிதி என்றால் கணக்குக் கேட்டு இழுத்தடிக்கலாம். ஊர்ச்சங்கம் என்றால் நிர்வாகசபையில் பிழை பிடித்துக் குடுக்காமல் விடலாம். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு எதிராக மனிசர் என்ன வாயைத் திறப்பது?

ஆகவே அண்ணை கேட்பார். கலியாணவீட்டில் கேட்பார், சாமத்தியவீட்டில் கேட்பார், யாரோ பிள்ளையின் அரங்கேற்றத்தில் வர்ணத்துக்கும் பதத்துக்கும் இடையில் குனிந்து காதுக்குள் கேட்பார். செத்தவீட்டில் கேட்கமாட்டார், அவ்வளவு இங்கிதம் உண்டு. வெளியே கார் தரிப்பிடத்தில் நிற்பார்.

போன வருஷம் ஒரு கலியாணத்தில் மட்டன் ரோலும் கையுமாக நின்ற ஒருவரை மூலைக்குள் மடக்கினார். "தம்பி, 1961இல எங்கட ஆஸ்பத்திரியில ரில், மக்கலக் எண்டு ரெண்டு பேர். கதிர்வீச்சுப் போட்ட எலிக்கு வேற எலியின்ர எலும்பு மச்சையை ஊசியால ஏத்தினவை. பிறகு மண்ணீரலை எடுத்துப் பார்த்தால் அதில கட்டி கட்டியாய்..." தம்பி ரோலைத் தட்டில் வைத்துவிட்டார். இரத்தம் ஊறுகிற ஸ்ரெம் செல் என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு அந்தக் கட்டிகள்தான் முதல் சாட்சி. கதை முழுக்க உண்மை. அதை ரோலுக்குப் பிறகு சொல்லியிருக்கலாம்.

அசையாத ஆட்களுக்கு வருமானவரியைப் பற்றிச் சொல்வார். நன்கொடை 200 டொலரைத் தாண்டினால் தாண்டின பங்குக்குக் கழிவு கூடிய வீதத்தில் கிடைக்கும். அதனால் 50 டொலர் குடுக்கிறது மடத்தனம், 250 குடுக்கிறதுதான் சிக்கனம் என்று சத்தியம் பண்ணாத குறையாக நிறுவிவிடுவார். அதுவும் சரிவராவிட்டால் ரெரி பொக்ஸ். புற்றுநோயில் ஒரு காலை இழந்த 22 வயதுப் பொடியன், 1980இல் பொய்க்காலோடு 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடின கதை. இந்த இடத்தில் அண்ணைக்குக் குரல் தழுதழுக்கும். ஒருநாள் ஒரு விண்ணன் சேட்டுப் பையிலிருந்து ஒரு டொலர்க் குற்றியை எடுத்து அவரின் உள்ளங்கையில் வைத்தான். "ரெரி பொக்ஸ் ஆளுக்கு ஒரு டொலர்தானே அண்ணை கேட்டவர்?" அதுவும் உண்மை. அண்ணை கோபிக்கவில்லை. கொப்பியை எடுத்தார், பெயர் எழுதினார், பக்கத்தில் 1.00 என்று போட்டார். மற்றக் கையால் லிங்க்கை அனுப்பினார்.

இதையெல்லாம் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது அந்த அநாமதேய 20 டொலர்.

லிங்க்கைத் தட்டினால் அவருடைய நிதிப் பக்கம் திறக்கும்; காசு குடுத்தவர்களின் பெயர்ப்பட்டியல் அதில் வரிசையாகத் தெரியும். விரும்பாதவர் பெயரை மறைக்கலாம். அப்படி யாரோ ஒரு புண்ணியவான் 20 டொலரைப் போட்டுவிட்டுப் பெயரை மறைத்துவிட்டார். அண்ணைக்கு நித்திரை போய்விட்டது. நன்றி சொல்லாமல் விடுவது முறையில்லையாம். ஒவ்வொருவராக எடுத்து விசாரித்தார். "அந்த இருபது நீங்களோ?" என்று கேட்ட அந்த நிமிஷத்தில் முதலாம் ஆளுக்கு மூளை வேலை செய்தது. "ஓம் அண்ணை. பேர் தெரியவேண்டாம் எண்டுதான் போட்டது." அண்ணை உருகிப்போனார். இரண்டாம் ஆளும் ஓம் என்றார். மே முடியும்போது ஏழு பேர் அந்த ஒரே 20 டொலருக்கு உரிமை கோரி, அடக்கத்தோடு தலையைக் குனிந்து நன்றியை வாங்கிக்கொண்டார்கள். கொப்பியில் ஏழு பெயருக்கும் நேரே கேள்விக்குறி விழுந்தது. எட்டாவதாக அவர் மனிசியையே கேட்டார். மனிசி இன்றுவரை பதில் சொல்லவில்லை.

சைக்கிளைப் பற்றியும் ஒரு வரி சொல்லத்தான் வேண்டும். கார்பன் சட்டம், எட்டுக் கிலோவுக்கும் குறைவு, 5,000 டொலருக்கும் மேல். பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று உலகச் சைக்கிள் சங்கத்தின் விதியைச் சொல்லித் தன்னுடையதில் இன்னும் குறைக்க இடமிருக்கிறது என்பார். வண்டியில் குறைக்கலாம் என்கிறார். வயிற்றை யாரும் பார்க்கக்கூடாது. 2,500 டொலர் சேர்க்க 5,000 டொலர்ச் சைக்கிள் எதற்கு என்று அவர் வீட்டிலேயே ஒருத்தி கேட்டுப் பார்த்தாள். காற்றுத் தடை பற்றி அரைமணித்தியாலம் விளக்கம் வந்தது.

ஹாண்டிலில் ஒரு சின்னத் திரை. எத்தனை வாட்டில் மிதிக்கிறார் என்று அது காட்டும். நூற்றெண்பது வந்தால் முகம் மலரும். இதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு ஒருநாள் வாய் அடைத்தது. 1990க்குப் பிறகு, யுத்தகாலத்து யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை, பற்றரிக்கும் தடை. ரேடியோ கேட்கவேண்டுமென்றால் சைக்கிளைக் கவிட்டு வைத்து, டைனமோவிலிருந்து வயரை இழுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்றவேண்டும். அவர் வீட்டில் சுற்றுகிறது அவர்தான். பிபிசி தமிழோசை முடியும்வரை சுற்றுவார். கை ஓய்ந்தால் செய்தி இழுபட்டு நின்றுவிடும், குந்தியிருக்கிற அயல்சனம் முழுக்க "சுத்தடா!" என்று கத்தும். அந்த டைனமோவுக்கு வெறும் மூன்று வாட். "அந்த மூண்டு வாட்டுக்கு எவ்வளவு சனம் வந்தது தெரியுமே," என்றார் அண்ணை. அன்று மட்டும் லிங்க்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அவர் சொல்லாத கதையும் ஒன்று உண்டு. ஹமில்ரன் பக்கத்து ஏற்றத்தில் நாக்குத் தள்ளி மிதித்துக்கொண்டிருந்தபோது, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, "நல்லாப் போகுது, விடாதையுங்கோ" என்ற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார். அவருடைய சைக்கிளின் பின்னால் மஞ்சள் கொடி. புற்றுநோய் வந்து மீண்டவர்கள் கட்டுகிற கொடி அது. கூட ஓடின பொடியன்தான் இதை ஊருக்குச் சொன்னான். அண்ணையைக் கேட்டால் அன்று ஏரிப்பக்கத்திலிருந்து சரியான எதிர்க்காற்று.

ஆனால் போன மாரியில் நடந்ததைப் பகிடியாகச் சொல்ல வரவில்லை. அவர் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஓர் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். மூன்று கிழமைக்கு ஒருக்கால், செவ்வாய்க்கிழமை கீமோ. புருஷனுக்கு இரவுவேலை, லீவு முடிந்துவிட்டது. காலமை கொண்டுபோய் இறக்கிவிட ஏலுமோ என்று அண்ணையைக் கேட்டார்கள். செவ்வாயில் தனக்குப் பயிற்சி என்றார். பேஸ்மன்றில் சைக்கிளைக் கொழுவி வைத்து மிதிக்கிற பயிற்சி. இரண்டாம் முறையும் அதையே சொன்னார். பிறகு அவர்கள் கேட்கவில்லை. கனடியன் கான்சர் சொசைற்றியில் நோயாளிகளைக் காரில் ஏற்றி இறக்கத் தொண்டர்கள் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒரு கிழவர் பனிக்குள்ளால் வந்து அந்த அக்காவை ஏற்றிப் போனார், காத்திருந்து திரும்பக் கொண்டுவந்தும் விட்டார். அந்த ஓட்டத்துக்கு லிங்க் கிடையாது.

அதே வீட்டுக்கும் ஏப்ரலில் விடிய 6 மணிக்கு லிங்க் போனது. அக்கா 100 டொலர் போட்டார், பெயரோடு. அண்ணை கொப்பியில் எழுதினார்.

ஜூனில் வழமைபோல ஓடினார். நயாகராவில் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார். கார்பன் என்பதால் தூக்கலாம். குடுத்த எல்லோருக்கும் அந்தப் படம் நன்றியோடு போனது. குடுக்காதவர்களுக்கும் அதே படம்தான். கீழே மட்டும் ஒரு வரி கூட இருந்தது: "லிங்க் இன்னும் திறந்துதான் கிடக்கு."