காலி ஆத்துக்கு 43 லட்சம் டாலர்

ஏல பேராண்டி, டுசல்டார்ஃப்ல கை நெறையச் சம்பளம் வாங்குதவன் ஒரு போட்டோக் கண்காட்சிக்குப் போயிட்டு, அர்த்த ராத்திரியில தாத்தனுக்கு போன் போட்டு ஒப்பாரி வைக்கலாமா? வெறும் தண்ணித்தொட்டி, வெறும் மூஞ்சி, வெறும் ஆறுன்னு பொலம்புத. இந்த மூணையும் நம்மூர்ல ஓசியிலயே பாத்திருக்கலாமே, டிக்கெட்டுக் காசு மிச்சம்.

தொட்டிய எடுத்தது பெர்ன்ட் பெக்கரும் அவரு சம்சாரம் ஹில்லாவும். பல வருசமா மேகம் மூடுன நாளாப் பாத்து, நெழல் விழாம, ஒரே மாதிரி நேருக்கு நேரா நின்னு எடுத்திருக்காவ. ஒத்தத் தொட்டியப் பாத்தா ஒண்ணுமில்லதான். ஒம்பதச் சேத்துப் பாருல, பங்காளிக வரிசையா நிக்காப்ல இருக்கும். மூக்கு மட்டும் மாறும். அதுல பல கட்டடத்த இப்ப இடிச்சாச்சு.

மூஞ்சி விசயத்துல நான் உன் கட்சி. தாமஸ் ரூஃப் 1980-கள்ல கூட்டாளிகளச் சிரிக்க விடாம எடுத்து, பாஸ்போர்ட் படத்த ஏழடி உசரத்துக்கு மாட்டுனாரு. முகத்துல மயிர்க்கால் வரைக்கும் தெரியுது, ஆளு எப்படிப்பட்டவன்னு மட்டும் தெரியல. அதுதான் சங்கதிங்காவ. பாஸ்போர்ட் ஆபீசுலயும் அதே சங்கதிதான், அங்க யாரும் கலைன்னு சொல்லிக்கிடுதது இல்ல.

ஆறு? அங்கதான் எனக்கு வயிறெரியுது. ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி 1999-ல பண்ணுன 'ரைன் 2'. புல்லு, தண்ணி, புல்லு, வானம். கிட்டத்தட்ட 12 அடி நீளம். எதுத்த கரையில இருந்த ஆலைக் கட்டடத்தையும், நாயப் பிடிச்சுட்டு நடந்தவுகளையும் கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டாரு. 2011-ல நியூயார்க் ஏலத்துல 43 லட்சம் டாலர்! 2022 வரைக்கும் ஏலத்துல எந்தப் போட்டோவும் அதத் தாண்டல. நான் ஸ்டுடியோவுல நெகட்டிவ்ல பென்சில் ஓட்டி ஒரு நாட்டாமையோட மருவ எடுத்தேன். "என் மரு எங்கல?"ன்னு சண்ட போட்டு, காசு தராமப் போயிட்டாரு.

சரி, புத்தி சொல்லுதேன், கேளு. கைய முதுகுக்குப் பின்னால கட்டு. மூணடி பின்னால போ. "ம்ம்..."னு இழு. பாதிப்பேருக்கு அது போதும். உனக்குப் போதாதுன்னா, செவத்துல ஒட்டுன அட்டைய வாசிச்ச நேரத்துல பாதியாவது படத்தப் பாரு. நீ செல்லுல பிடிச்சு எனக்கு அனுப்பிட்டு அடுத்த படத்துக்கு நகந்துட்ட. 12 அடிப் படத்த உள்ளங்கையில வச்சுப் பாத்தா புல்லும் தெரியாது, பூண்டும் தெரியாது. நின்னு பாத்தும் பிடிக்கலயா, பிடிக்கலன்னு சொல்லு. மியூசியத்துக்காரன் போலீசக் கூப்பிட மாட்டான்.

இல்லன்னா ஒண்ணு செய்யி. அந்த ஆறு உன் ஊருலதான ஓடுது? ஞாயித்துக்கெழம சைக்கிள எடுத்துட்டுப் போ. குர்ஸ்கி அழிச்சதெல்லாம் அங்கன அப்படியேதான் கெடக்கும். நாயி மட்டும் பாத்துக்க, அது கடிக்கும்.